உடையவர் அறியாதிருந்தால்

பயணிகளை ஏற்றிச் செல்லும் சிறு படகொன்றில் ஒருவர் காயமுறும்போதோ உயிரிழக்கும்போதோ, கரையில் இருந்த அதன் உரிமையாளர் அந்தத் தீங்குக்கு எந்த அளவு கடன்பட்டவர் என்னும் கேள்வி நீதிமன்றங்களில் சட்டக் கேள்வியாகவே எழுகிறது. ஆயினும் அதன் அடியில், சமயங்களும் மெய்யியலும் நெடுங்காலமாக விவாதித்துவரும் வேறொரு கேள்வி கிடக்கிறது: தான் செய்யாத, தான் அறியாத, ஆனால் தன் உடைமையின் வழியே தன் ஆதாயத்துக்காக நடந்த ஒரு செயலின் விளைவு ஒருவரைச் சேருமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கடல்சார் சட்டம் இதற்கு 1851இல் ஒரு விடையையும், 2022இன் இறுதியில் சிறு பயணியர் படகுகளுக்கு மட்டும் அதற்கு மாறான விடையையும் அளித்தது. அந்த மாற்றத்தைக் காப்பீட்டுக் கணக்கின் திருத்தமாக மட்டும் பார்ப்பது போதாது. அறியாமை எப்போது ஒருவரை விடுவிக்கும், எப்போது அதுவே அவர்மீது குற்றமாக நிற்கும் என்பது பற்றிய அறத்தீர்ப்பாகவும் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

1851ஆம் ஆண்டின் பொறுப்பு வரம்புச் சட்டம், கப்பலால் நேர்ந்த இழப்பில் உரிமையாளருக்கு உடந்தையோ அறிவோ இல்லையெனில், அவர் செலுத்த வேண்டிய மொத்த இழப்பீடு, பயணம் முடிந்த நிலையில் அந்தக் கப்பலுக்கு எஞ்சியிருக்கும் மதிப்பையும் அந்தப் பயணத்துக்குரிய கட்டணத்தையும் தாண்டாது என்று விதித்தது. மதிப்பு பயணத்தின் முடிவில் கணக்கிடப்படுவதால், கப்பல் எந்த அளவுக்கு அழிகிறதோ அந்த அளவுக்கு உரிமையாளரின் கடனும் சுருங்குகிறது; அழிவு முழுமையானால் கடன் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. 1912இல் மூழ்கிய டைட்டானிக்கின் உரிமையாளர்கள் பிரித்தானியர்களாயினும் இந்த வரம்பை நாடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1914இல் தீர்ப்பளித்தபோது, மீட்கப்பட்ட உயிர்காப்புப் படகுகளும் பயணக் கட்டணமும் சேர்ந்து சுமார் 92,000 டாலர்தான் தேறியது. இறந்தவர்களோ 1,500 பேர் அளவில் இருந்தனர்.

இதே சட்டம் ஒரு நூற்றாண்டு கடந்து சிறு படகொன்றுக்குப் பயன்பட்ட விதம் இன்னும் கடுமையானது. 2019 செப்டம்பர் 2ஆம் நாள் பொழுது விடியுமுன், கலிபோர்னியக் கரைக்கு அப்பால் சாண்டா குரூஸ் தீவையொட்டி நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் என்னும் 75 அடி நீளப் படகு தீப்பற்றியது. கடலடி காணும் ஆர்வத்தோடு வந்து, கீழ்த்தளத்து அடுக்குப் படுக்கைகளில் உறங்கிக்கொண்டிருந்த 33 பயணிகளும், அவர்களோடு அங்கே படுத்திருந்த பணியாளர் ஒருவரும் மடிந்தனர். மேல்தளத்தில் உறங்கிய 5 பணியாளர்கள் தப்பினர். இரவில் விழித்திருந்து படகைச் சுற்றிவரும் காவலாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. அன்று அப்படி எவரும் இல்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், உரிமையாளர் நிறுவனம் தன் படகுகளைச் செவ்வனே மேற்பார்வையிடத் தவறியதையே விபத்துக்குக் காரணமாகக் கண்டது. ஆனால் அந்தக் கண்டறிதலுக்கு வெகு முன்பே, தீ அணைந்து சில நாட்களுக்குள், உரிமையாளர் தரப்பு 1851ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மனுச் செய்து, எரிந்து மூழ்கிய படகின் மதிப்பு பூஜ்யம் என்று கூறியிருந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் துயரத்தின் முதல் வாரத்தில் இந்தச் செய்தியை எதிர்கொண்டன. சட்டப்படி அந்த மனுவில் பிழை இல்லை. பிழை சட்டத்திலேயே இருந்தது.

அந்தச் சட்டம் பிறந்த கதை அதன் குறையை ஓரளவு விளக்குகிறது. 1840 ஜனவரியில் லாங் ஐலண்ட் நீரிணையில் லெக்சிங்டன் என்னும் நீராவிக் கப்பல், மேல்தளத்தில் ஏற்றியிருந்த பஞ்சுப் பொதிகளில் தீ பரவி எரிந்து மூழ்கியது. கடுங்குளிரில் ஏறத்தாழ 140 பேர் இறந்தனர். நால்வர் மட்டுமே பிழைத்தனர். அந்த விபத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற புகழ்பெற்ற வழக்கு, இறந்த மனிதர்களைப் பற்றியதன்று. கப்பலோடு போன ஒரு வங்கியின் பொன், வெள்ளி நாணயங்களைப் பற்றியது. 1848இல் கப்பல் நிறுவனமே அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பானதும் கப்பல் உரிமையாளர்கள் அஞ்சினர்; இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்த வரம்பைப் போல ஒன்று தங்களுக்கும் வேண்டும் என்று கோரினர்; மூன்று ஆண்டுகளில் பெற்றனர். சரக்கின் இழப்பை அளக்கச் செய்த கோலால் பின்னர் மனித உயிரும் அளக்கப்பட்டது. 1934இல் நியூ ஜெர்சிக் கரையோரம் மாரோ காசில் கப்பல் எரிந்து 130க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகே, உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் எனக் கடலோடும் கலங்களுக்கு டன்னுக்கு 60 டாலர் வீதம் தனி நிதி ஏற்படுத்தப்பட்டது. 1984இல் அது 420 டாலர் ஆயிற்று. 100 டன்னை எட்டாத ஒரு படகுக்கு இந்தக் கணக்கு 42,000 டாலரைக்கூடத் தொடாது. அதையும் பாதிக்கப்பட்ட அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

வணிகக் காரணங்கள் ஒருபுறமிருக்க, எஞ்சிய கலத்தின் மதிப்பே கடனின் எல்லை என்னும் விசித்திரமான கருத்து மனிதருக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்ந்தவர் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். 1881இல் வெளிவந்த பொதுச் சட்டம் பற்றிய தம் நூலில், தீங்கு செய்த பொருளையே குற்றவாளியாகக் கருதிய மிகப் பழைய உணர்வின் எச்சத்தை அவர் கடல்சார் சட்டத்தில் கண்டார். விவிலியத்தில், யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரத்தில், ஒரு மாடு மனிதரை முட்டிக் கொன்றால் அந்த மாடு கல்லெறிந்து கொல்லப்பட வேண்டும், அதன் இறைச்சி உண்ணப்படலாகாது, ஆனால் உடையவன்மேல் குற்றமில்லை என்ற விதி வருகிறது. ஏதென்சில், மனிதர்மேல் விழுந்து கொன்ற கல்லும் கட்டையும் விசாரிக்கப்பட்டு நாட்டின் எல்லைக்கு வெளியே எறியப்பட்டன. உரோமச் சட்டத்தில், தீங்கு செய்த அடிமையையோ விலங்கையோ பாதிக்கப்பட்டவர் கையில் ஒப்படைத்துவிட்டால் உடையவர் அதற்கு மேல் ஒன்றும் தர வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் இந்த உணர்வு வெளிப்படையாகவே சமயத்தின் வடிவம் கொண்டிருந்தது. ஒரு மனிதரின் சாவுக்குக் காரணமான வண்டியோ குதிரையோ இறைவனுக்கு உரியதாக அறிவிக்கப்பட்டு, அரசரால் கைப்பற்றப்பட்டு, அதன் மதிப்பு அறச்செயல்களுக்குச் செல்லவேண்டியதாயிற்று. இதற்கு டியோடண்ட் என்று பெயர். நன்னீரில் செல்லும் படகிலிருந்து விழுந்து ஒருவர் இறந்தால் அந்தப் படகும் இவ்வாறு பறிபோகும். உப்புநீரில் செல்லும் கப்பலுக்கு விலக்கு உண்டு. கொலைப்பழி ஒரு பொருளின்மேல் படிகிறது, அந்தப் பொருளை இறைவனிடம் சேர்த்தால் பழி நீங்குகிறது என்ற இந்த நம்பிக்கையில், இறந்தவரின் மனைவி மக்களுக்கு இடமே இருக்கவில்லை. ஒருவரின் சாவைக் காரணமாக வைத்து உறவினர் உரிமை வழக்குத் தொடுக்க இயலாது என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1808இல் கூறியிருந்தது. 1846இல்தான் டியோடண்ட் ஒழிக்கப்பட்டு, அதே ஆண்டில் இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்கும் உரிமையும் சட்டமாயிற்று. பழி பொருளிலிருந்து மனிதருக்கும், கடன் இறைவனிடமிருந்து அயலாருக்கும் திரும்பிய இந்த இடம், சட்ட வரலாற்றில் மட்டுமன்றி சமய உணர்வின் வரலாற்றிலும் பெரிய திருப்பம். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கா நிறைவேற்றிய வரம்புச் சட்டம் பழைய திசையையே நோக்கி நின்றது. எரிந்த படகை நீதிமன்றத்தின் முன் வைத்துவிட்டு, இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர் என்று உடையவர் சொல்லுவது, முட்டிய மாட்டை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புவதேயன்றி வேறில்லை.

ஆனால் யாத்திராகமத்தின் விதி அங்கே முடிந்துவிடவில்லை என்பதை இந்த விவாதத்தில் பலர் கருதுவதில்லை. அந்த மாடு முன்பே முட்டும் வழக்கமுடையதாக இருந்து, அது உடையவனுக்கு அறிவிக்கப்பட்டும் அவன் அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், மாட்டோடு உடையவனும் சாவுக்குரியவன் என்று அடுத்த வசனமே கூறுகிறது. மீட்புப் பணம் விதிக்கப்பட்டால் அதைச் செலுத்தி உயிர் மீளலாம் என்று மேலும் தொடர்கிறது. ஆகவே, உடையவரின் அறிவே பொறுப்பின் எல்லைக்கோடு என்னும் கருத்து நவீனக் கப்பல் சட்டத்தின் கண்டுபிடிப்பு அன்று. வேறுபாடு, அறிந்திருப்பது என்பதற்கு அந்தப் பழைய நூல் கொடுக்கும் எளிய அளவுகோலில் இருக்கிறது: சொல்லப்பட்டதா, இல்லையா?

இந்த அளவுகோலைக் கொண்டு பார்க்கத் தக்க நிகழ்ச்சி அமெரிக்காவிலேயே உண்டு. இரண்டாம் உலகப் போருக்கென உருவான, நிலத்திலும் நீரிலும் செல்லும் வாத்துப் படகுகள் பின்னாளில் சுற்றுலாவுக்குப் பயன்பட்டன. 1999இல் ஆர்கன்சாவின் ஹாமில்டன் ஏரியில் அவற்றுள் ஒன்று மூழ்கி 13 பேர் இறந்தபோது, படகின் மேற்கூரையே பயணிகளை உள்ளே சிறைப்படுத்தியதைப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்து, நீர் புகுந்தாலும் மிதக்கும்படி இத்தகைய படகுகளை மாற்ற வேண்டும், அதுவரை கூரைகளை அகற்ற வேண்டும் என்று அறிவுறுத்தியது. 2018 ஜூலையில் மிசௌரியின் டேபிள் ராக் ஏரியில், கூரை அகற்றப்படாத அதே வகைப் படகு புயற்காற்றில் மூழ்கி, அதிலிருந்த 31 பேரில் 17 பேர் இறந்தனர். படகு நீரில் இறங்குமுன்பே புயல் எச்சரிக்கை வெளியாகியிருந்தது. இங்கும் உரிமையாளர் தரப்பு 1851ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பை நாடியது. அந்த ஏரி கடல்சார் சட்டத்தின் எல்லைக்குள் வராது என்று கூறி நீதிமன்றம் 2020இல் அதை ஏற்க மறுத்தது. மறுப்பு நியாயமான முடிவைத் தந்தது, ஆனால் நியாயமான காரணத்தால் அன்று. ஏரியின் நில அமைப்பு அங்கே அறத்தின் வேலையைச் செய்தது. முன்பே முட்டிய மாடு என்பதைச் சொல்லிவைத்த பிறகும் கட்டாமல் விட்டது பற்றிய கேள்வி அந்தத் தீர்ப்பில் எழவே இல்லை.

புயலைச் சொன்னவுடன் தெய்வச் செயல் என்னும் வாதமும் வந்துவிடும். மனித முயற்சியால் முன்னறியவோ தடுக்கவோ இயலாத இயற்கை நிகழ்ச்சிக்கு யாரும் பொறுப்பல்லர் என்பதே சட்டத்தில் அதன் பொருள். இந்திய மரபும் இதை அறிந்திருந்தது. மனுஸ்மிருதியின் 8ஆம் அத்தியாயம், படகில் படகோட்டிகளின் தவறால் சேதமான பொருளை அவர்கள் அனைவரும் தத்தம் பங்குக்கு ஏற்பக் கூடி ஈடுசெய்ய வேண்டும் என்றும், தெய்வத்தால் நேர்ந்ததற்குத் தண்டம் இல்லை என்றும் அடுத்தடுத்துக் கூறுகிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இன்னும் கூர்மையாகச் செல்கிறது: போதிய ஆட்கள் இன்றியோ, கருவிகள் இன்றியோ, செப்பனிடப்படாமலோ ஓட்டப்பட்ட படகு அழிந்தால், இழப்பைப் படகுத்துறையின் தலைவரே, அதாவது நாவத்யக்ஷரே, ஈடுசெய்ய வேண்டும். துடுப்புப் பிடித்தவரின் தவறு எது என்று தேடாமல், அந்த நிலையில் அந்தப் படகை நீரில் இறங்கவிட்டவர் யார் என்று கௌடில்யர் கேட்கிறார். எச்சரிக்கப்பட்ட புயலைத் தெய்வத்தின் கணக்கில் எழுதுவது பக்தியும் ஆகாது. செய்ய வேண்டிய கடமை முழுவதையும் செய்து முடித்த பிறகு எஞ்சுவதற்கே அந்தப் பெயர் பொருந்தும்.

தெய்வ நம்பிக்கையே பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கருவியாகலாம் என்பதை மிகத் தெளிவாகக் காட்டிய மெய்யியலாளர் வில்லியம் கிளிஃபர்ட். 1877இல் வெளியான, நம்பிக்கையின் அறத்தைப் பற்றிய தம் கட்டுரையை அவர் ஒரு கப்பல் உரிமையாளரைக் கொண்டே தொடங்கினார். குடிபெயர்வோரை ஏற்றிச் செல்லவிருக்கும் தம் கப்பல் பழையது, பலமுறை செப்பனிடப்பட்டது என்பது அந்த உரிமையாளருக்குத் தெரியும், ஐயமும் எழுகிறது. ஆனால் இத்தனை பயணங்களை முடித்த கப்பல் இதையும் முடிக்கும், நல்வாழ்வு தேடிச் செல்லும் இத்தனை குடும்பங்களை இறைவன் காப்பான் என்று எண்ணியெண்ணி அவர் தம் ஐயத்தை அடக்கி, உண்மையாகவே நம்பத் தொடங்குகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்பீட்டுப் பணத்தைப் பெற்றுக்கொள்கிறார். அவரது நம்பிக்கை எவ்வளவு உளமார்ந்ததாயினும் அவர் குற்றவாளியே, ஏனெனில் கையில் இருந்த சான்றுகளைக் கொண்டு அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபர்ட். கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்திருந்தாலும் குற்றம் ஒன்றே, வெளிப்படாமல் இருந்திருக்கும் அவ்வளவுதான் என்றும் அவர் சேர்க்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் சிசிலிக் கரையில் கப்பல் உடைந்து தப்பியவர் அவர். பாதுகாப்பற்ற கப்பல்களில் மாலுமிகளை அனுப்பும் வழக்கத்துக்கு எதிராகச் சாமுவேல் பிளிம்சால் இங்கிலாந்தில் கிளர்ச்சி நடத்திய காலமும் அதுவே. எடுத்துக்காட்டு வெறும் கற்பனையன்று.

கிளிஃபர்ட் சொன்னதன் வேர் மிகப் பழையது. அரிஸ்டாட்டில், ஒருவர் தம் அறியாமைக்குத் தாமே காரணமாயின் அந்த அறியாமைக்காகவே தண்டிக்கப்படலாம் என்று கொண்டு, குடிபோதையில் குற்றம் செய்பவருக்கு இரட்டைத் தண்டனை விதித்த சட்டத்தை எடுத்துக்காட்டினார். கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், பாவம் செய்யும் வசதிக்காகவே ஒருவர் விரும்பித் தேடிக்கொள்ளும் அறியாமை குற்றத்தைக் குறைப்பதில்லை என்றார். சமணம் இன்னும் ஒரு படி செல்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது பகைமையையோ கொல்லும் எண்ணத்தையோ முதலில் வைக்காமல் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, வைக்கிறது. விழிப்பற்ற செயலால் உயிரைப் பிரிப்பதே அங்கே இம்சை. எண்ணமே வினை என்று கொள்ளும் பௌத்தம் இதற்கு முற்றிலும் எதிரானது எனத் தோன்றலாம். ஆனால் மிலிந்தன் வினாக்கள் என்னும் பௌத்த நூலில், அறிந்து தீமை செய்பவர், அறியாமல் செய்பவர் இருவரில் எவரைச் சேரும் தீவினை பெரிது என்று அரசன் கேட்க, அறியாமல் செய்பவரையே என்கிறார் துறவி நாகசேனர். பழுக்கக் காய்ந்த இரும்பை அறியாமல் பற்றுபவரின் கையே அதிகம் வேகும் என்பது அவர் தரும் காரணம். அறியாதவர் காத்துக்கொள்வதில்லை. படகில் இரவுக் காவல் உண்டா என்று கேட்காதவரும் காப்பதில்லை. வேறுபாடு, அங்கே வேகுவது அவர் கையன்று.

வரம்புச் சட்டத்தை ஆதரிப்போருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. அதை எளிதில் ஒதுக்கலாகாது. சிறு படகுகளின் உரிமையாளர் பலர் பெருஞ்செல்வர் அல்லர். குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் ஒரு படகில் இட்டவர்கள். பணியாள் ஒருவரின் ஓர் இரவுத் தூக்கத்துக்காக அவர்களது வீடும் நிலமும் போக வேண்டுமா என்று அவர்கள் கேட்பது நேர்மையான கேள்வி. நீதிமன்றங்களும் உடந்தை, அறிவு என்பவற்றைச் சற்று விரித்துப் பொருள்கொண்டு, விசாரித்திருந்தால் அறிந்திருக்கக்கூடியதையும் அறிவாகவே கருதியிருக்கின்றன. ஆனால் இந்த வாதம் குற்றத்தையும் கடனையும் ஒன்றாகக் குழப்புகிறது. உரிமையாளரைத் தீயவர் என்று அறிவிப்பது ஒன்று. நேர்ந்த இழப்பை யார் சுமப்பது என்று முடிவு செய்வது மற்றொன்று. இழப்பு எப்படியும் ஒருவர் தலையில் விழத்தான் போகிறது. கட்டணம் செலுத்திவிட்டுக் கீழ்த்தளத்தில் உறங்கியவரின் குடும்பமா, கட்டணத்தைப் பெற்றவரும் காப்பீடு எடுத்திருக்கக்கூடியவருமான உரிமையாளரா என்று கேட்டால் விடை கடினமானதன்று. உரிமையாளர் முழுக் கடனையும் செலுத்துவதால் அவர் கொலைகாரர் ஆகிவிடுவதில்லை.

அமெரிக்கக் கடல்சார் சட்டத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கப்பலின் மாலுமிக்கு, கலம் பயணத்துக்குத் தகுதியுடையதாக இருக்க வேண்டும் என்னும் உரிமை, உரிமையாளரின் தவறைக் கேளாமலே உண்டு. தகுதிக் குறையால் காயமுற்றால் அவர் கவனக்குறைவை நிறுவ வேண்டியதில்லை. பயணிக்கோ, 1959இல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, சூழ்நிலைக்கு ஏற்ற நியாயமான கவனிப்பு மட்டுமே உரிமை. அது தவறியதை அவர்தான் நிறுவ வேண்டும். கடலைத் தொழிலாகக் கொண்டவருக்குக் கிடைக்கும் காப்பு, கடலை அறியாமல் பிறர் கையில் தம்மை ஒப்படைத்தவருக்குக் கிடைப்பதில்லை. படகைச் செலுத்தும் தலைவருக்கும் உரிமையாளருக்கும் இடையிலும் இத்தகைய ஏற்றத்தாழ்வு உண்டு. 1838இல் தோன்றிய சட்டமொன்றின்படி, படகின் தலைவரது கவனக்குறைவால் உயிர் போனால் அதுவே குற்றம். கன்செப்ஷனின் தலைவர் 2023இல் அவ்வாறே குற்றவாளியாகி, 2024இல் நான்கு ஆண்டுச் சிறை பெற்றார். அவர் தெரியாது என்று சொல்லித் தப்ப வழியில்லை. அவரைப் பணியில் அமர்த்தியவருக்கு மட்டும், தம் கடனைப் படகின் சாம்பலோடு நிறுத்திக்கொள்ள அந்தச் சொல் வழிவிட்டது.

2022 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான ஆண்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாக நிறைவேறிய சிறு பயணியர் கலப் பொறுப்பு நியாயச் சட்டம் இந்த வழியை அடைத்தது. 100 டன்னுக்குக் குறைந்து, இரவு தங்கும் உள்நாட்டுப் பயணத்தில் 49 பேருக்கும், மற்றப் பயணங்களில் 150 பேருக்கும் மேற்படாமல் ஏற்றும் கலங்களின் உரிமையாளர், எஞ்சிய படகின் மதிப்போடு தம் பொறுப்பை நிறுத்திக்கொள்ள இனி முடியாது. மிகச் சிறிய தொழிலில் உரிமையாளருக்கும் படகுக்கும் இடையே அறியாமை குடிகொள்ளும் அளவுக்குத் தொலைவு கிடையாது என்பதால், மாற்றம் இங்கே தொடங்கியது பொருத்தமே. ஆனால் அங்கேயே நின்றுவிட்டது பொருத்தமன்று. பெரிய நிறுவனங்களில், கீழே உள்ளவர் அறிந்ததை மேலே உள்ளவர் அறியாதிருக்கும்படி அமைப்பே ஏற்பாடு செய்துவிடுகிறது. அரிஸ்டாட்டிலும் அக்வினாசும் கண்டித்த அறியாமை அங்கேதான் அதிகம் விளைகிறது. பெரிய கலங்களுக்கும் 1851ஆம் ஆண்டின் வரம்பை நீக்குவதே இந்தத் திருத்தம் ஏற்றுக்கொண்ட அறத்துக்கு இசைந்த அடுத்த செயல். அந்த வரம்பு அவற்றுக்கு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. திருத்தத்துக்குக் காரணமாயிருந்த, கன்செப்ஷனில் மடிந்த 34 பேரின் குடும்பங்களுக்கும் அந்தத் திருத்தம் பயன்படவில்லை, ஏனெனில் அது முந்தைய விபத்துகளுக்குப் பொருந்தாது.